எழுந்தேற்ற மணி

மூன்று இடத்தில் அடிக்க வேண்டும். குருவானவர் அப்பத்தின் மேலும் திராட்சை இரசத்தின் மேலும் இரண்டு கைகளையும் விரிக்கும்போது ஒரு தடவை, அப்பத்தைத் தூக்கிக் காட்டும்போது ஒரு தடவை, கிண்ணத்தைத் தூக்கிக் காட்டும்போது ஒரு தடவை. ஒரு மணி நேரப் பூசையில் மூன்றே மூன்று இடம். அதில் ஒன்றைக்கூட விடாமல் என் மகள் ஜோவிட்டா மணி அடித்துவிட்டால் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் சவேரியார் சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிற, டாக்டர் அவளுக்கு எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டை குப்பைக்குப் போகும். ஒன்றை விட்டாலும் போச்சு, பூசை முடிந்து வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்ட கையோடு முதல் மாத்திரை. இப்படி இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே, வாயில் நுரையோடு, கடவுளிடம் பேசி முடித்துவிட்டேன். நாற்பத்தேழு வயசுக்காரி செய்கிற காரியமா என்றால் இல்லைதான். ஆனால் கான்வெண்டில் படித்தவளுக்கு இந்தப் புத்தி சாகும்வரை போகாது. கணக்கில் பாஸானால் அந்தோணியாருக்கு ஒன்பது செவ்வாய், பஸ் கிடைத்தால் பத்து அருள் நிறைந்த மரியே, மாப்பிள்ளைக்கு முன்பக்கம் முடி இருந்தால் வேளாங்கண்ணிக்கு நடை. அந்தோணியார் பாஸ் போட்டார், முடி விஷயத்தில் மாதா கைவிட்டுவிட்டாள், அருளப்பனைக் கட்டிக்கொண்டேன், நடக்கவேண்டிய நடை மிச்சம். வருகைப் பாடல் பாடியாயிற்று. அதோ வருகிறாள், பீடச் சிறுவர் வரிசையில் கடைசியாக, எட்டு வயசு, முழங்காலுக்குக் கீழே இழுபடுகிற வெள்ளை அங்கி, சிவப்பு இடுப்புத் துணி, ராத்திரி நான் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ரெட்டைச் சடை, ஒன்று அதற்குள் அவிழ்ந்தாயிற்று. இன்றுதான் முதல் தடவை. பத்து வயசாவது ஆகட்டும் என்று சொன்ன சிஸ்டரின் பின்னாலேயே ஒரு மாதம் சுற்றினாள், கன்னியர் மடத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள், கடைசியில் சிஸ்டரே களைத்துப்போய்ச் சரி என்றார். பீடத்துக்குப் பக்கத்தில் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கட்டிய பித்தளை மணி மடியில். மடியில் மணியை வைத்துக்கொண்டு ஜோவிட்டா ஆட்டாமல் இருக்கிறாள் என்பதே முதல் புதுமை, அற்புதம் என்று ரோமாபுரிக்கு எழுதிப்போடலாம்.

அசையவில்லை. முதல் வாசகம் தொடங்கிவிட்டது, இன்னும் அசையவில்லை. தூக்கத்தில்கூட கட்டிலின் நாலு மூலையையும் அளந்துவிட்டு விடியும்போது தரையில் கிடக்கிறவள். எனக்குப் பக்கத்தில் மார்த்தா அண்ணி, அருளப்பனின் அக்கா, முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் என் காதுக்குள் வாயை வைக்கிறார். "பாரேன், எப்படி உக்காந்திருக்கா, சம்மனசு மாதிரி, ரெக்கைதான் இல்லை! இவளுக்கா மாத்திரைங்கறே?" "அண்ணி, வாசகம் நடக்குது." "நானும் அதைத்தான் சொல்றேன். வாசகம் நடக்குது, பிள்ளை உக்காந்திருக்கா. அருளு சின்ன வயசுல எப்படி இருந்தான் தெரியுமா? மரத்தைவிட்டு இறங்கவே மாட்டான். மாத்திரையா குடுத்தோம்? விளக்குமாத்தால நாலு வச்சோம், இன்னைக்கு பொன்மலை ஒர்க்‌ஷாப்ல எத்தனை பேரை மேய்க்கிறான்!" "அவரு ஒரு இடத்துல பத்து நிமிஷம் உக்காந்து நான் இன்னும் பாத்ததில்லை அண்ணி. விளக்குமாறு பத்தலை போல." முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள். அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார், நான் பதிலுரைப் பாடலுக்கு வாயசைத்தேன். அண்ணியைக் குறை சொல்லி என்ன, மூன்று வாரமாக தினம் காலையில் வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்புகிறார், பிள்ளைகளுக்கு போதை மருந்து, பொம்மையாக்கிவிடுவார்கள், வெள்ளைக்காரன் சதி, கடைசியில் வல்லாரைக் கீரைத் துவையல். வல்லாரை ஆறு மாதம் அரைத்துக் கொடுத்தாயிற்று. அவள் அதைத் தட்டோடு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்திருக்கிறாள், அந்த ஆடு வேண்டுமானால் இந்நேரம் பிளஸ் டூ பாஸ் பண்ணியிருக்கும். நடுப்பாதைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசையில் அருளப்பன். கோயிலில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்கார வைத்தவன் புண்ணியவான், இல்லாவிட்டால் இப்போது அவருடைய தொடையாட்டத்தில் என் பெஞ்சும் ஆடும். என்ன பண்ணலாம் சொல்லுங்க என்று மூன்று வாரமாகக் கேட்கிறேன், நீ பார்த்து முடிவு பண்ணு பெனி என்று மூன்று வாரமாகச் சொல்கிறார். பெரிய மனசு. ரயில் எஞ்சினையே கழற்றி மாட்டுகிறவருக்கு ஒரு மாத்திரை அட்டையைப் பிரிக்க என் கை வேண்டும்.

உட்கார்ந்தோம், எழுந்தோம், நற்செய்தி, மறுபடி உட்கார்ந்தோம். பிரசங்கம். இதுதான் ஆபத்தான இடம், குறைந்தது இருபது நிமிஷம் ஓடும். எழுந்து உட்கார்ந்து முழங்காலில் நின்று மறுபடி எழுந்து என்று பூசையைக் கட்டியவருக்கு ஜோவிட்டாவைத் தெரிந்திருக்கிறது, பிரசங்கத்தை உள்ளே வைத்தவருக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தே இருக்கிறாள். முதுகு நேராக. என் முதுகு மாதிரி. அசையாமல் உட்கார்ந்ததற்காக உலகத்திலேயே கோப்பை கொடுத்த இடம் எங்கள் கான்வெண்ட்தான், நன்னடத்தைக் கோப்பை, தொடர்ந்து மூன்று வருஷம் எனக்கு. மதர் பின்னாலிருந்து வந்து முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஸ்கேலை விட்டுப் பார்ப்பார், இடிக்காமல் வெளியே வந்தால் தலையசைப்பு. அந்தக் கோப்பையில் இப்போது சேஃப்டி பின் போட்டு வைத்திருக்கிறேன். அந்தப் புத்தியில்தான் டாக்டர் வசுமதி கொடுத்த ஃபாரத்தையும் நிரப்பினேன். சொன்னதைக் காதில் வாங்காமல் இருக்கிறாளா, பொருள்களைத் தொலைக்கிறாளா, தன் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுகிறாளா, அடிக்கடி, எப்போதாவது, ஒருபோதும் இல்லை. பரீட்சைத் தாளைக் கண்டதும் இந்தப் பேனா தானாக முதல் மார்க்குக்கு ஓடிவிட்டது. ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, நடுவில் நம்புகிறமாதிரி இருக்கட்டும் என்று ஒரே ஒரு எப்போதாவது. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஒன்று நான் எழுதியது, இன்னொன்று கிளாஸ் டீச்சர். "மேடம், ரெண்டு தாள்லயும் இருக்கறது ஒரே குழந்தைதானா?" எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் ஒரு பென்சிலை எடுத்து நீட்டினார். "இது பரீட்சை இல்லை மேடம். யாருக்கும் மார்க் போடலை. வீட்ல நடக்கறதை மட்டும் எழுதுங்க." எழுதினேன். உண்மையை எழுத எழுத ஏதோ பிள்ளையைப் போலீஸில் பிடித்துக்கொடுக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் ஆறு மாதம் மாத்திரை இல்லாமல் பார்த்தோம். நட்சத்திரம் ஒட்டுகிற அட்டவணை, வேலையைத் துண்டு துண்டாகச் சொல்வது, கண்ணைப் பார்த்துச் சொல்வது, கத்தாமல் சொல்வது, அதாவது நான். நட்சத்திரங்களை முதல் வாரமே மொத்தமாக எடுத்து ஃபேன் இறக்கையில் ஒட்டிப் போட்டுவிட்டாள், சுற்றினால் வட்டமாக மின்னும் என்று. மின்னத்தான் செய்தது. நான் கத்தாமல் நின்று பார்த்த ஒரே சாயங்காலம் அதுதான்.

அந்த ஃபாரம் முழுக்க நான் ஏற்கெனவே வேறு ஒரு தாளில் படித்தது. அது ஞாபகம் வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன், நின்றுவிட்டேன், பின்னால் வந்தவர் முட்டிக்கொண்டார். போன மே மாதம் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற புது நன்மைக்கு முன்னால், முதல் பாவசங்கீர்த்தனத்துக்காக, செய்த பாவங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் சிஸ்டர். துவைக்கப் போடும்போது கவுன் பையில் கிடைத்தது. பார்க்கக்கூடாதுதான், பார்த்தேன். தண்ணி பாட்டில் தொலைச்சேன், பதினொண்ணு. மிஸ் பேசும்போது பேசினேன். வரிசைல முன்னாடி போனேன். உக்காருன்னா உக்காரல. கேக்கற மாதிரி இருந்து கேக்கல, நிறைய. மற்றப் பிள்ளைகள் பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன், பூசைக்கு வரவில்லை என்று எழுதியிருக்கும். இவள் டாக்டர் கேட்கப்போகிற கேள்விகள் அத்தனைக்கும் ஐந்து மாதம் முன்னாலேயே பாவம் என்று பதில் எழுதிவைத்திருக்கிறாள். ஃபாதரிடம் இருபத்தைந்து நிமிஷம் சொல்லியிருக்கிறாள், பின்னால் வரிசை வாசல்வரை நின்றது, வெளியே வந்து என்னிடம், "அம்மா, என்னது முடிஞ்சிருச்சு, நேரம் இருந்துச்சு, அதான் நீ மார்த்தா அத்தையைத் திட்டினதையும் சேத்து மன்னிப்பு கேட்டுட்டேன்" என்றாள். யாருக்கு வரும் இந்த மனசு? இருபத்தைந்து நிமிஷம் முழங்காலில் நின்று, போனால் போகிறது என்று அடுத்தவள் பாவத்தையும் தூக்கிக்கொண்டு வருகிற மனசு? சிரித்து முடித்துவிட்டு, அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். எல்லாரும் எழுந்திருக்கிறார்கள். பிரசங்கம் முடிந்துவிட்டதா? எதைப்பற்றிச் சொன்னார்? ஒரு வார்த்தை ஏறவில்லை. என்னை யாரும் எந்த டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போகவில்லை, முதுகு நேராக இருந்தால் போதும், உள்ளே எங்கே சுற்றினாலும் கோப்பை நிச்சயம்.

நம்பிக்கை அறிக்கை. வாய் சொல்லிக்கொண்டு போகிறது. பொம்மை. அண்ணி அனுப்பியதில் மற்றதெல்லாம் குப்பை, அந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. டாக்டரிடம் கேட்டேன். வேறே ஆளா ஆயிடுவாளா டாக்டர்? "குணத்தை மாத்தறதுக்கு மாத்திரை கிடையாது மேடம். இருந்தா முதல்ல எங்க வீட்டுக்காரருக்குத்தான் குடுத்திருப்பேன்." சிரித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னார், பசி குறையலாம், தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகலாம், சின்ன அளவில் ஆரம்பிப்போம், உயரமும் எடையும் பிபியும் பார்த்துக்கொண்டே இருப்போம், அவளுக்கு ஒத்துவரவில்லை என்றால், ரொம்ப மந்தமாகத் தெரிந்தால், அளவை மாற்றலாம், நிறுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பியுங்கள், காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம், நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். அது சொல்லி இது மூன்றாவது ஞாயிறு. முதல் ஞாயிறு கல்யாணம், இரண்டாம் ஞாயிறு பங்குத் திருவிழா, மாத்திரையைத் தள்ளிப்போட நம் சமூகத்தில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. எனக்குப் பயம் பசியைப்பற்றி இல்லை, பசியாவது சோறாவது, அதை நான் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பயம் கன்றுக்குட்டியைப்பற்றி. ஆடி மாதம், பள்ளிக்கூட வேனைவிட்டு இறங்கியவள் என் கையை உதறிக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடினாள். லாரி. பிரேக் சத்தம் இப்போதும் பல்லில் கேட்கிறது. டிரைவர் இறங்கி வந்து என்னைத் திட்டினார். நான் அவளை நடுரோட்டில் வைத்து அறைந்தேன், அறை வாங்கிக்கொண்டே அவள் கத்தினாள், "அம்மா, பாரேன், ஆட்டோவுல பின்சீட்டுல கன்னுக்குட்டி உக்காந்து போகுது, வெளிய தலையை நீட்டி வேடிக்கை பாக்குது!" போனது உண்மைதான், நானும் பார்த்தேன், அவளை அறைந்துகொண்டே பார்த்தேன். ஒரு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த ரோட்டில் நாற்பது பேர் நின்றோம், எவருக்கும் தெரியவில்லை. மாத்திரை போட்டால் லாரி தெரியும் என்கிறார்கள். கன்றுக்குட்டி தெரியுமா? அதற்கு எந்தத் தாளிலும் கேள்வி இல்லை. கூகிளில் தேடினால் எவனைப் பார்த்தாலும் மூக்குக்கண்ணாடி மாதிரிதான் மாத்திரையும் என்கிறான், ஒருத்தன் எழுதியதை எல்லாரும் காப்பி அடித்தால் எங்கள் மதர் மொத்த கிளாஸுக்கும் முட்டை போட்டிருப்பார். எனக்கு இப்படியே பிடித்திருக்கிறது. அதுதான் விஷயம். நான் ஒரு நாளும் துணிந்து செய்யாத அத்தனையையும் இரண்டு கால்களில் ஓடவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறாள், பார்த்துத் தீரவில்லை. ஆனால் நாற்பத்தொரு பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இந்த வருஷம் ஒரு பிள்ளைகூட அவளைப் பிறந்தநாளுக்குக் கூப்பிடவில்லை. சாக்லேட் மட்டும் கொண்டுவருகிறாள். அதையும் பாதி எனக்கு வைத்திருந்து கொடுக்கிறாள்.

காணிக்கைப் பாட்டு வந்துவிட்டது, தட்டு வருகிறது, போகிறது. பெரிய பையன்கள் இரண்டு பேர் தண்ணீரும் இரசமும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஜோவிட்டா முழங்காலில் இறங்கிவிட்டாள். மணி வலது கையில். முகம் பீடத்தைப் பார்த்து, எனக்கு இடப்பக்கக் கன்னம் மட்டும் தெரிகிறது. கன்னம் உள்ளே குழிந்திருக்கிறது. மிட்டாய்! இந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல, நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாயில் எதுவும் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன், எந்தப் பையன் கொடுத்தானோ, பீடத்தில் முழங்காலில் நின்றுகொண்டு மிட்டாய் சப்புகிறாள். சரி, இருக்கட்டும், சப்பித் தொலைக்கட்டும், மணியை விடாமல் இருந்தால் சரி. "இப்பத்தானே?" என்கிறார் அண்ணி. "உஷ்." "இல்ல, இப்பத்தானேன்னு கேக்கறேன்." "அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." தூயவர் பாட்டைப் பாடி முடித்தாயிற்று. மேலே மாடத்தில் ஒரு புறா படபடவென்று அடித்துக்கொண்டு பறக்கிறது, கோயிலில் பாதிப் பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள், நான் பார்க்கிறேன், அருளப்பன் பார்க்கிறார், பெரிய பையன் பார்க்கிறான், ஐயோ, பார்த்துவிடுவாள், போச்சு, புறாவைவிட்டு அவள் கண்ணை எடுக்க யாரால் முடியும். பார்க்கவில்லை. தலை அசையவில்லை. கன்னம் மட்டும் இன்னும் ஆழமாக உள்ளே போகிறது. ஃபாதர் இரண்டு கைகளையும் விரிக்கிறார். கணீர். ஐயோ என் ராசாத்தி. சரியாக, கை முழுவதாக விரிவதற்கும் மணி ஒலிப்பதற்கும் நடுவே ஒரு மயிரிழை இல்லை. ஒன்று.

இரண்டாவதைப்பற்றி நினைக்கக்கூடாது, நினைத்தால் கண் பட்டுவிடும். அந்தச் சின்ன முதுகு. வெள்ளைத் துணிக்குள் தோள்பட்டை எலும்பு இரண்டும் தெரிகிறது, விறைத்து, கயிற்றில் இழுத்துக் கட்டிய மாதிரி. அவளுக்குள் என்ன நடக்கிறது இப்போது? எனக்குத் தெரியாது. எட்டு வருஷமாக அவள் வாய் ஓயாமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இது மட்டும் எனக்குத் தெரியாது. அப்பம் உயர்கிறது. கணீர், கணீர், கணீர். தலைகள் தாழ்கின்றன, நான் தாழ்த்தவில்லை, எனக்கு மணியைப் பார்க்கவேண்டும், கடவுள் பொறுத்துக்கொள்வார். இரண்டு. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், எப்போது பிடித்தார், கை சில்லென்றிருக்கிறது, பாவம் அவரும் அவர் வழியில் இந்தப் பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் அருளப்பனின் தொடை ஆட்டம் நின்றுவிட்டது. இருபது வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன். பெரிய பையன் ஏதோ அவள் காதில் சொல்கிறான், கூடாதுடா, இப்போது பேசாதே, அவள் திரும்பவில்லை, கண் சிமிட்டினாளா தெரியவில்லை. கிண்ணம் உயர்கிறது. உயர்ந்துகொண்டே இருக்கிறது. அடிக்கவில்லை. அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை? கிண்ணம் ஃபாதரின் தலைக்கு மேலே போய் நின்ற கணத்தில் கணீர், கணீர், கணீர். அவள்தான் சரி. நான்தான் முந்திவிட்டேன், எப்போதும்போல. மூன்று. ஜெயித்துவிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து பீடம், மெழுகுதிரி, ஃபாதர் எல்லாம் ஒன்றாகக் கலங்கிப்போய், நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நின்றது. மாத்திரை அட்டை குப்பைக்கு. பேசினபடி. இந்தக் கோயிலில் இருக்கிற ஒவ்வொரு கான்வெண்ட் கோப்பையையும் உருக்கி என் மகளுக்கு ஒரு மணி செய்து போடலாம். நன்மை வாங்கினேன், நன்றி சொன்னேன், என்ன சொன்னேனென்று ஞாபகமில்லை, ஜெயித்த அணியின் அம்மாவாக நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பூசை முடிந்ததும் உடுப்பு மாற்றுகிற அறையின் பக்கவாட்டு வாசலில் நாங்கள் மூன்று பேரும் நிற்கிறோம். கதவைத் தள்ளிக்கொண்டு அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி முதலில் பாய்ந்து வருகிறாள், "மூணும் அடிச்சேன்! அம்மா, மூணும்! அந்த டோனி அண்ணன் கிண்ணத்துக்கு முன்னாடியே அடின்னு சொன்னான், நான் அடிக்கலையே!" அண்ணி அவள் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுக்கிறார், அருளப்பன் அவளுடைய அவிழ்ந்த சடையைப் பின்னப் பார்க்கிறார். அவள் சிரிக்கிறாள். பல்லெல்லாம் சிவப்பு. "என்ன மிட்டாய்டி தின்னே?" "மிட்டாயா? மிட்டாய் இல்லம்மா." "வாயைத் திற." திறந்தாள். இடப்பக்கக் கன்னத்தின் உள்ளே, வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல் பதிந்து கிழிந்த சதை, புதுசாக ரத்தம். அருளப்பன் கேட்டார், என்னடா பாப்பா இது. அவள் பெருமையாகச் சொன்னாள், கண்டுபிடித்ததைச் சொல்கிற குரலில். "கடிச்சேன்பா. வேற எங்கயாவது பாக்கணும்போல வந்துச்சுன்னா ஒரு கடி. புறா வந்தப்ப பெருசா ரெண்டு. அப்ப திரும்பி வந்துரும்." "எது திரும்பி வரும்?" "நான்தான்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானம் சொல்கிற மாதிரி, "ஸ்கூல்ல கையைக் கிள்ளிக்குவேன், அது வலிக்காது. இங்க கைல மணி இருந்துச்சுல்ல, அதான்." கை. ஆகஸ்ட் மாதம் அந்தக் கையில் நீலம் நீலமாக இருந்த தடத்தைக் காட்டி, உங்கள் பிள்ளைதான் கிள்ளுகிறான் என்று பக்கத்துப் பெஞ்சுப் பையனின் அம்மாவிடம் பள்ளிக்கூட வாசலில் நின்று கிழி கிழி என்று கிழித்தேனே. அந்தப் பெண் அழுதாள். ஜோவிட்டா அப்போது எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள் என்றல்லவா நினைத்தேன். "எல்லாரும் இப்படித்தானேம்மா உக்கார்றாங்க?" என்றாள். "ஆனா மத்தவங்களுக்கு மட்டும் எப்படி ரத்தம் வர்றதில்லை? அதை மட்டும் யார்ட்டயாவது கேட்டுச் சொல்லேன்."

யாரிடம் கேட்பது. எனக்கே தெரியும். ஒன்றும் செய்யாமலே உட்கார்ந்திருந்தேன், வலிக்கவே இல்லை, சும்மா கிடைத்தது, அதற்குத்தான் மூன்று வருஷம் கோப்பை கொடுத்தார்கள். இதுவரை யாருக்கும் நேர்ந்துகொண்டதை நான் இப்படி மாற்றினதில்லை. வேளாங்கண்ணிக்கு நடக்காததுகூட முடி கிடைக்காததால்தான். இன்று பேச்சு மாறுகிறேன், ஆண்டவரே, தெரிந்தே மாறுகிறேன், பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லப்போவதுமில்லை. "பாத்தியா," என்கிறார் அண்ணி, முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே, "மனசு வச்சா முடியுது பாரு. அந்த மாத்திரையைத் தூக்கிக் கடாசு." "மனசு வச்சதுதான் அண்ணி உங்க முந்தானைல இருக்கு, பாருங்க." பார்த்தார். முந்தானையை மடித்துக்கொண்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, எங்கள் இருபது வருஷ உறவில் அதுவே ஒரு திருவிழா. அருளப்பன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு, "இப்ப என்ன பண்ணலாம் பெனி?" "வீட்டுக்குப் போலாம். பிள்ளைக்குப் பசிக்கும். இட்லிக்குச் சட்னி வேண்டாம், வாய் எரியும், சர்க்கரை தொட்டுக்கட்டும். சாப்பிட்டதும் ஒரு மாத்திரை." "ஜெயிச்சுட்டாளே பெனி?" "ஜெயிச்சதாலதான்."

வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தவள் உடனே திரும்பினாள், அவளுக்குக் காதில் விழாதது என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது, நாம் விழவேண்டும் என்று நினைப்பதைத் தவிர. "என்ன மாத்திரைம்மா?" எப்படிச் சொல்வது என்று மூன்று வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், மூளை, வேதிப்பொருள், கண்ணாடி, எல்லாம். ஒன்றும் வரவில்லை. "கடிக்காம உக்கார்றதுக்கு," என்றேன். "சரியா வருமான்னு தெரியாது. போட்டுப் பாப்போம். உனக்குப் பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லணும், உடனே." அவள் யோசித்தாள். கை கால் எதையும் ஆட்டாமல், எதையும் கடிக்காமல், உண்மையாகவே யோசித்தாள். "அப்படி ஒண்ணு இருக்கா?" என்றாள். "எப்ப வாங்கினே?" "மூணு வாரம் ஆச்சு." நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல். "முன்னாடியே ஏம்மா தரலை?"

அருளப்பன் வண்டியைக் கிளப்பவில்லை, அவரும் பதிலுக்குக் காத்திருந்தார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டேன்.